குடலுக்குள் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டம்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் அதிசயமாக என்றைக்காவது இறால் தொக்கு போட்டால், தட்டைச் சுற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கும். கவனிச்சிருக்கீங்களா? இறாலின் முதுகில் மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு. 'டேய், நரம்பைக்கூட எடுக்காம போட்டிருக்காங்கடா' என்று ஒருத்தன் முகத்தைச் சுளிப்பான். வீட்டில் என்றால் அம்மா கத்தி நுனியால் முதுகைக் கீறி, அந்தக் கோட்டை இழுத்துப் போட்ட பிறகுதான் மஞ்சள்தூளையே தொடுவார்.

பாஸ், அது நரம்பு இல்லை. குடல்! உள்ளே இருப்பது அந்த இறால் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு. கூடவே, எண்ணி மாளாத பாக்டீரியாக்கள்.

நீங்க அருவருப்பாக ஓரம் ஒதுக்கும் அந்தக் கோட்டைத்தான், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் ஒரு இறால் பண்ணைக்காரர் தினமும் உத்து உத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோட்டில்தான் அவர் போட்ட லட்சங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

'புதுக்கோட்டையில் ஏதுங்க கடல்?' என்று கேட்காதீங்க. நமக்கு அந்த ஊர் என்றாலே சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, பொட்டல், கண்மாய்தான் ஞாபகம் வரும். ஆனால் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கு. அறந்தாங்கியைத் தாண்டிக் கிழக்கே போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள் வரிசைகட்டி வரும். அந்தக் கடலோரப் பக்கம் பைக்கில் ஒரு ரவுண்டு போனால், சதுரம் சதுரமாக வெட்டின குளங்களும், நுரை கிளப்பிச் சுத்துற ஏரேட்டர் சக்கரங்களும் கண்ணில் படும். காக்கா, கொக்கு இறங்காமல் இருக்க மேலே கயிறு கட்டியிருப்பார்கள். அதுதான் இறால் பண்ணை. வளர்வது பெரும்பாலும் வெனாமி என்ற ரகம். பசிபிக் கடல்காரன்; 2009-லிருந்து இந்தியாவில் வளர்க்க அனுமதி.

சாப்பாட்டு நேரத்தில் பண்ணைக்குப் போனால் ஒரு காட்சி கிடைக்கும். குளத்தின் ஓரத்தில் ஒரு வலைத்தட்டு தண்ணிக்குள் தொங்கும். 'செக் ட்ரே' என்பார்கள். அதில் கொஞ்சம் தீவனம் போட்டு இறக்கி, நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தீவனம் மிச்சமா, காலியா என்பது முதல் கேள்வி. தட்டில் துள்ளும் இறால்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அடுத்தது. உயிரோடு இருக்கும் இறால் கண்ணாடி மாதிரி. குடல் அப்படியே தெரியும்.

கோடு தீவனத்தின் பழுப்பு நிறத்தில், விட்டுப்போகாமல் தலையிலிருந்து வால்வரை ஓடினால், எல்லாம் நலம். கருப்பாக இருந்தால் தீவனம் பத்தாமல் குளத்து அடிச்சேற்றைத் தின்கிறது என்று அர்த்தம். சிவப்பாக இருந்தால், செத்துப்போன கூட்டாளியைத் தின்றிருக்கிறது. சங்கதி சீரியஸ். வெளுத்து, விட்டுவிட்டுத் தெரிந்தால் குடலுக்குள்ளேயே கோளாறு. அதையும் தாண்டி, தண்ணிமேல் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி கழிவு மிதக்க ஆரம்பித்தால்... அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. சட்டப்படி ஒரு சதுர மீட்டருக்கு 60 வெனாமி குஞ்சு வரை விடலாம். ஒரு ஹெக்டேருக்கு 6 லட்சம்! கிட்டத்தட்ட நாலு மாசம் வளர்க்கணும். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். இந்தத் தீவனம் எல்லாம் சதையாக மாறுவதா, சாணியாக மாறுவதா என்பதைத் தீர்மானிப்பது தீப்பெட்டிக் குச்சியைவிட மெல்லிசான ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் நம்ம மேட்டர்.

பூட்டு இல்லாத வீடு

நம்ம வயிற்றிலும் பாக்டீரியா இருக்கு. தயிர் விளம்பரம் பார்த்தே அது உங்களுக்குத் தெரியும். ஆனால் நமக்கும் தண்ணிக்குள் வாழும் ஜீவனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நம்ம குடல் கதவு சாத்தின வீடு. வாசலில் இரைப்பை அமிலம் என்று ஒரு வாட்ச்மேன் வேறு. காற்றில் அவ்வளவு கிருமி கிடையாது. தண்ணி அப்படியா? ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணியிலேயே ஒரு ஊர் ஜனத்தொகை அளவுக்கு பாக்டீரியா இருக்கும். மீனும் இறாலும் அந்தத் தண்ணியிலேயே மூச்சு விட்டு, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே கழிக்கிற ஜீவன்கள். இறால் இன்னும் ஒரு படி மேலே போய், குளத்து அடியில் கிடக்கும் கழிவையும் ஒரு கை பார்க்கும். குளத்தில் இருப்பது குடலுக்குள் போகும், குடலில் இருப்பது குளத்துக்கு வரும். குளம் வேறு, குடல் வேறு என்று கோடு போடுவதே கஷ்டம்.

நம்ம ஊர்க் கண்மாய் மீன்களைப் பாருங்க. கெண்டை இனத்தைச் சேர்ந்த கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்குமே இரைப்பையே கிடையாது! தொண்டையிலிருந்து நேரே குடல்தான். வாட்ச்மேனே இல்லாத வீடு.

இறாலின் கதை இன்னும் வேடிக்கை. அது சட்டை உரிக்கும் என்பது தெரியும் இல்லையா? அப்போது வெளி ஓட்டை மட்டும் உரிப்பதில்லை. குடலின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் உள்ளே கைட்டின் என்ற அதே ஓட்டுப் பொருளில் ஒரு மெல்லிய லைனிங் உண்டு. அதையும் சேர்த்தே கழற்றி எறிந்துவிடும். அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பாக்டீரியாவெல்லாம் மூட்டை முடிச்சோடு வெளியே! திரும்பவும் காலி இடம். நடுக்குடலுக்கு அந்த லைனிங்கும் இல்லை. அதனால் கிருமிகள் உள்ளே நுழைய வசதியான வாசல் அதுதான்.

காலி இடம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு பஸ் ஸ்டாண்ட்தான். ஊருக்குப் போகிற கடைசி பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டையும் கர்சீப்பையும் வீசி சீட் பிடிப்போமே, அதேதான். குடல் சுவரில் இடம் குறைச்சல், கிடைக்கும் சாப்பாடும் குறைச்சல். முதலில் துண்டு போட்டவனுக்கு சீட். நல்லவன் உட்கார்ந்துவிட்டால், கெட்டவன் நின்றுகொண்டே போகணும், இல்லை இறங்கிக்கணும்.

உட்கார்ந்தவர்கள் சும்மாவும் உட்காருவதில்லை. கெண்டை, திலேப்பியா மாதிரி மீன்களின் குடலில் வாழும் சிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வைட்டமின் பி-12 தயாரித்துக் கொடுக்கிறது. அது நிறைய இருக்கும் மீனுக்குத் தீவனத்தில் தனியாக பி-12 சேர்க்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருக்கிறவர் மளிகையும் வாங்கிக்கொடுத்த மாதிரி!

2004-இல் அமெரிக்காவில் ஜான் ரால்ஸ், ஜெஃப்ரி கோர்டன் குழு ஒரு காரியம் செய்தது. நம்ம பக்கத்து ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்ட வரிக்குதிரை மீன் இருக்கிறதே, மீன்தொட்டிக் கடையில் நீலக்கோடு போட்டுத் திரியுமே, அதைக் கிருமியே இல்லாத தண்ணியில் பிறக்க வைத்து வளர்த்தார்கள். குடல் செல்களின் வளர்ச்சி மந்தம், சத்தைக் கிரகிப்பதில் கோளாறு, எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட மரபணுக்களும் சரியாக முழித்துக்கொள்ளவில்லை. பாக்டீரியா இல்லாவிட்டால் மீன் முழு மீனாகவே ஆவதில்லை என்று புரிந்தது. 2006-இல் அடுத்த லூட்டி: எலியின் குடல் பாக்டீரியாவை மீனுக்கும், மீனுடையதை எலிக்கும் மாற்றி வைத்தார்கள். மாற்றி வைத்த கூட்டம் அப்படியே இருக்கவில்லை. எலிக்குள் போனது எலிக்கு ஏத்த விகிதத்துக்கும், மீனுக்குள் போனது மீனுக்கு ஏத்த விகிதத்துக்கும் மாறிக்கொண்டது. அதாவது, யார் எத்தனை பேர் இருக்கலாம் என்பதில் வீட்டுக்காரரும் வாய் திறக்கிறார். இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு இடத்தில் தேவைப்படும்.

இருட்டில் மின்னும் வில்லன்

சரி, அந்த பஸ்ஸில் ஏறவே கூடாத ஆசாமி யார்? பெயர் விப்ரியோ. காலரா கிருமியின் சொந்தக்காரப் பயல். கடல் தண்ணியில் எப்போதுமே கொஞ்சம் இருப்பான். கொஞ்சமாக இருக்கும்வரை சாது.

இவர்களில் விப்ரியோ ஹார்வியை பார்க்கணும் நீங்க. ராத்திரியில் பச்சை நீலமாக மின்னும்! நோய் தாக்கின குஞ்சுப் பொரிப்பகங்களில் விளக்கை அணைத்தால் இறால் குஞ்சுகளே மினுக்குமாம். பார்க்க அழகு, முதலாளிக்கு அதுதான் சாவு மணி. ஏன் மின்னுகிறது? ஒரே ஒரு பாக்டீரியா மின்னினால் யார் கண்ணுக்கும் தெரியாது, சக்திதான் வீண். அதனால் அவர்கள் ஒரு ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருப்பார்கள். தண்ணியில் அந்த ரசாயனம் ஏறிக்கொண்டே போனால், 'நம்ம ஆளுங்க நிறைய சேர்ந்தாச்சு' என்று அர்த்தம். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போடுவார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் போனி பாஸ்லர் இந்த ரகசியப் பேச்சைத் துருவித் துருவிக் கண்டுபிடித்ததில் பெரிய ஆள். விஷயம் வெளிச்சத்தோடு நிற்கவில்லை. தாக்குதலையும் இப்படித் தலை எண்ணிப் பார்த்துத்தான் நடத்துகிறார்கள். நம்ம காலேஜ் ஸ்ட்ரைக் மாதிரியே! நாலு பேர் இருந்தால் கிளாஸுக்குப் போவோம்; நானூறு பேர் சேர்ந்தால்தானே கோஷம்?

இன்னொரு சொந்தக்காரன் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ். 2009 வாக்கில் சீனாவில் ஆரம்பித்து வியட்நாம், மலேசியா, தாய்லாந்து, மெக்சிகோ என்று இறால் பண்ணைகளை ஒரு நோய் சுருட்டிப் போட்டது. குஞ்சு விட்டு ஒரு மாசத்துக்குள் கூட்டம் கூட்டமாகச் சாவு. என்ன காரணம் என்றே தெரியாமல் முழித்தார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்டு லைட்னர் குழு 2013-இல் ஆளைப் பிடித்தது. இறாலின் வயிற்றில் குடியேறி, அங்கிருந்து விஷத்தைக் கசியவிட்டு, ஈரல் மாதிரி வேலை செய்யும் உறுப்பைக் கரைத்துவிடுகிறது இந்தப் பாக்டீரியா. விஷம் தயாரிக்கும் ரெசிப்பி ஒரு குட்டி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கு. வளையம் இல்லாதவன் அதே பெயர், அதே சாதி என்றாலும் இறாலை இப்படிக் கொல்ல மாட்டான்.

மருந்து போட்டால் சரியாகிடாதா?

இங்கேதான் கதை திரும்புது. கிருமி என்றால் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் 'அடி, கொல்லு'. ஆன்டிபயாட்டிக் போடு, குளோரின் போடு, குளத்தையே ஆபரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தமாக்கு. நியாயமாகத்தானே படுது?

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-இல் ஒரு கட்டுரையில் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். எல்லா பாக்டீரியாவையும் கொன்று குளத்தைக் காலி பண்ணி, அதில் தீவனத்தையும் கொட்டினால், முதலில் வந்து நிரப்புவது யார்? வேகமாகப் பெருகுகிறவன். விப்ரியோ இனத்தில் சில பேர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகிறவர்கள்! நிதானமாக வளரும் நல்லவர்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் பஸ் ஃபுல். நாமே பஸ்ஸைக் காலி பண்ணி, நாமே கதவைத் திறந்து, விப்ரியோவை 'வாங்க சார், உட்காருங்க' என்கிறோம்.

ஆன்டிபயாட்டிக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மிச்சம் இறால் சதையில் தங்கும். நம்ம இறால் போவது அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி நாடுகளுக்கு. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் மாதிரி மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால்கூட அங்குள்ள மெஷின் மோப்பம் பிடித்துவிடும். கன்டெய்னர் கன்டெய்னராகத் திரும்பி வரும். யாரோ ஒருத்தர் அவசரத்தில் போட்ட மருந்துக்கு, கரையோரத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் விலை இறங்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கால்வாய் வழியே ஊருக்குள் வருவது தனிக்கதை. அது இறாலோடு நிற்கப் போவதில்லை.

'தடுப்பூசி போட்டுடலாமே?' என்று பயோ குரூப் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நார்வேக்காரர்கள் சால்மன் மீனுக்கு அதைத்தான் செய்தார்கள். 1987-இல் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டினவர்கள், தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு ஏறியும், ஒரு டன்னுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். சபாஷ்! ஆனால் அது மீன். இறாலுக்கு முதுகெலும்பும் கிடையாது, நம்மை மாதிரி ஆன்டிபாடி தயாரித்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் வித்தையும் தெரியாது. நமக்குப் போடுகிற மாதிரி ஒரு ஊசி போட்டு வேலையை முடிக்க முடியாது. மிச்சம் இருக்கிற வழி, நல்ல குஞ்சு, நல்ல தண்ணி, குடலில் நல்ல கூட்டம். அவ்வளவுதான்.

பாக்கெட்டில் வரும் நல்லவர்கள்

நல்லவர்களை நாமே பஸ்ஸில் ஏற்றிவிட்டால்? அதுதான் ப்ரோபயாட்டிக். பெரும்பாலும் பேசில்லஸ் வகை. இந்தப் பாக்டீரியா வித்தாகச் சுருண்டு காய்ந்து கிடக்கும். பாக்கெட்டில் அடைத்து மாசக்கணக்கில் வைத்தாலும் சாகாது. தண்ணி பட்டால் எழுந்துகொள்ளும்.

இது வெறும் விளம்பரமா, வேலை செய்யுமா? இந்தோனேஷியாவில் பண்ணைகளைப் பார்த்து டேவிட் மோரியார்ட்டி 1998-இல் எழுதினது இன்றைக்கும் பேசப்படுகிறது. பேசில்லஸ் போட்ட குளங்களில் 160 நாளைத் தாண்டியும் பிரச்னை இல்லாமல் வளர்த்தார்கள். போடாத ஒரு பண்ணையில், மின்னும் விப்ரியோ 80 நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குளத்தையும் முடித்துவிட்டது. நம்ம ஊரிலும் நடந்திருக்கு. தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வசீகரன், ராமசாமி இருவரும் 2003-இல் இறால் குளத்திலேயே பிடித்த பி.டி.23 என்ற பேசில்லஸ் சப்டிலிஸை எடுத்துக்கொண்டார்கள். கருப்பு இறாலை ஆறு நாள் அதோடு பழகவிட்டு, பிறகு விப்ரியோ ஹார்வியை ஏவிவிட்டார்கள். சாவு 90 சதவீதம் குறைந்தது! வெளிநாட்டு இறக்குமதி எல்லாம் இல்லை, அதே குளத்துச் சேற்றுக்காரன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கடையில் தொங்கும் பாக்கெட் எல்லாமே மந்திரம் என்று நினைத்துவிடாதீங்க. ஆய்வுக்கூடத் தொட்டி வேறு, ஆறு லட்சம் இறால் உள்ள குளம் வேறு. வரிக்குதிரை மீன் கதை ஞாபகம் இருக்கா? வீட்டுக்காரருக்குப் பிடித்தவர்கள்தான் தங்குவார்கள். அதனால் ஒரு தடவை கொட்டிவிட்டு ஓய்வெடுக்க முடியாது; திரும்பத் திரும்பக் கொடுத்தால்தான் உண்டு. பேசில்லஸும் மூச்சு விடுகிற ஆள். ஏரேட்டர் இல்லாமல் அள்ளிக் கொட்டினால் குளத்து ஆக்சிஜனை அவரே குடித்துவிடுவார். இன்றைக்கு ப்ரோபயாட்டிக், நாளைக்குக் கிருமிநாசினி என்று மாற்றி மாற்றிப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல? காசைத் தண்ணியில் கரைப்பது என்று ஒரு வார்த்தை சும்மாவா வந்தது!

அட்டையில் 'கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே அத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களா என்பதைச் சின்னப் பண்ணைக்காரர் எப்படிப் பார்ப்பார்? வெறும் தவிடாகவும் இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் கலக்காத இடுபொருள்தானா என்று சரிபார்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு, 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் இருக்கு. குறைந்தபட்சம் அந்தப் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்து வாங்கலாம். தவிட்டையும் வெல்லத்தையும் ஈஸ்ட்டோடு ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்தச் சாறைக் குளத்தில் ஊற்றும் பழக்கமும் பண்ணைகளில் உண்டு. நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிற யோசனைதான் அது. பாக்கெட்டைவிட எனக்கு இதன் மேல் கொஞ்சம் மரியாதை அதிகம். குளத்தில் இருக்கிறவர்களையே நம்புகிற வைத்தியம்.

ப்ரோபயாட்டிக் கைவிரித்துவிடும் இடமும் ஒன்று உண்டு. இ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு நுண் ஒட்டுண்ணி. 2009-இல் தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்டு, பிறகு இந்தியப் பண்ணைகளையும் பிடித்துக்கொண்டது. இது இறாலைக் கொல்லாது. அதுதான் கொடுமை! இறால் சாப்பிடும், சதை போடாது. கிலோவுக்கு 40 வரவேண்டிய இறால், 100 கவுண்ட்டிலேயே குள்ளமாக நின்றுவிடும். செத்தால் கணக்கை முடித்துவிடலாம். இது நாலு மாசம் தீவனம் போடவைத்து மொட்டை அடிக்கும். இதோடு விப்ரியோவும் கூட்டணி சேரும்போதுதான் அந்த வெள்ளை நூல் கழிவு வருகிறது என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன.

இதன் வித்துகள் சேற்றில் சொகுசாகக் கிடந்து அடுத்த பயிருக்குக் காத்திருக்கும். அதை ஒழிக்க விஞ்ஞானிகள் சொல்கிற வழி இது: குளத்தை வடித்துக் காயவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு, உழுது, ஈரமாக்கி, மண்ணின் பி.எச். 12 வரை ஏறும்படி செய்யணும். அப்புறமும் குளத்தைக் காயவிடணும். அதன் பிறகு தண்ணி கட்டி, குஞ்சு விடுவதற்கு முன்னால் நல்ல கூட்டம் வளர நேரம் கொடுக்கணும். 'ஒரு வருஷத்தில் மூணு பயிர்' என்று ஆசைப்படுகிறவருக்கு இது கசக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் அழுக்குத் தண்ணியை விடும் அதே வாய்க்காலில்தான் இவர் தண்ணி எடுக்கிறார் என்றால், இத்தனை பாடுபட்டும் இவர் குடலுக்குள் அவர் குளம் வந்து உட்கார்ந்துவிடும். இறால் பண்ணைகள் பற்றி 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன வழக்கில் கழிவுத்தண்ணி பெரிய குற்றச்சாட்டாக இருந்தது. அன்றைக்கு அது விவசாயிக்கும் குடிதண்ணிக்கும் கெடுதல் என்று பேசினார்கள். இறாலுக்கே கெடுதல் என்பதையும் சேர்த்துக்கலாம்.

கண்மாய்க்கு யாரும் சுண்ணாம்பு போடுவதில்லை

இப்போ கடற்கரையை விட்டு, அதே மாவட்டத்தின் மேற்கே வாங்க. அன்னவாசல், இலுப்பூர், பொன்னமராவதி பக்கம் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். கண்மாயில் தண்ணி வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊருக்குச் சேதி போகும். விடிகாலையிலேயே ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு சனம் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும், ஒரே பாய்ச்சல்! கெண்டை, கெளுத்தி, விரால், குரவை என்று அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு அந்த ஊரே மீன் குழம்பு வாசம்தான்.

அதற்கப்புறம் நடப்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. கண்மாய் காயும். அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெயில் உள்ளே இறங்கும். ஆடு மாடு மேயும். சில ஊரில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். ஐப்பசியில் மழை இறங்கினதும் புதுத்தண்ணி, புதுப்பாசி, புது பாக்டீரியாக் கூட்டம். பிறகுதான் மீன் குஞ்சு. இறால் குளத்துக்கு டன் கணக்கில் சுண்ணாம்பு வாங்கிப் போட்டுச் செய்கிற வேலையில் பாதியை, கண்மாய்க்கு மே மாசம் ஓசியில் செய்துகொடுக்கிறது. அங்கே மீனும் நெருக்கி அடித்துக் கிடப்பதில்லை, தீவனமும் கொட்டுவதில்லை. அதனால் விளைச்சலும் கம்மிதான். கண்மாய் மீன்தான் உலகத்துக்கே தீர்வு என்று நான் வீரவசனம் பேச வரலை. ஆனால் தீவனம் கொட்டி, அடர்த்தியாக வளர்க்கும் மீன் குட்டைகளில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா செதில் ஓரம் ரத்தம் கசியவைக்கிறதே, அவன் நல்லா இருக்கிற மீனின் குடலிலும் இருக்கிற ஆள்தான். ஆக்சிஜன் குறைந்து, கூட்டம் நெருங்கி, மீன் சோர்ந்தால்தான் வேலையைக் காட்டுவான்.

உங்க லேபுக்கு ஒரு வேலை

மைக்ரோபயாலஜி, விலங்கியல் படிக்கிறவங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. பண்ணைக்காரர் தண்ணியையும் இறாலையும் கொண்டுபோய் லேபில் கொடுத்தால், டி.சி.பி.எஸ். என்ற பச்சைக் கலர் ஊடகத்தில் தேய்த்து வளர்ப்பார்கள். காலராக் கிருமியைப் பிடிக்க உருவான ஊடகம் அது. மறுநாள் மஞ்சள் புள்ளி, பச்சைப் புள்ளி என்று முளைக்கும். 'பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை?' இது பண்ணைகளில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. பச்சை என்றால் கெட்டவன், மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை. பாதி உண்மைதான் பாஸ்! மஞ்சள் என்றால் சர்க்கரையைச் செரிக்கத் தெரிந்தவன் என்று மட்டுமே அர்த்தம். காலராக் கிருமியே மஞ்சளாகத்தான் முளைக்கும். அந்த விஷ வளையம் உள்ளவனா, இல்லாதவனா என்பதை எந்தக் கலரும் சொல்லாது; அதற்கு பி.சி.ஆர். வேணும். தவிர, குடலில் இருக்கும் பெரும்பாலான பாக்டீரியா எந்தத் தட்டிலும் முளைக்காத ரகம். டி.என்.ஏ.வைப் படித்தால்தான் அவர்கள் இருப்பதே தெரியும்.

இதையே படிப்பாக எடுத்துப் படிக்கணும் என்றால், நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கின தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு; அதன் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி என்று மீன்வளக் கல்லூரிகள். சென்னையில் 1987-இலிருந்து உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 'சீபா' என்றால் பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். இதெல்லாம் பெரிய வேலை. அதுவரை சின்னதாக ஒன்று செய்யலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு ப்ரோபயாட்டிக் பாக்கெட்டை வாங்கிக்கோங்க. கொஞ்சம் எடுத்துக் கரைத்து, பத்துப் பத்தாக நீர்க்கவைத்து, சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் தேய்த்து ஒரு நாள் வையுங்க. முளைத்த புள்ளிகளை எண்ணுங்க. அட்டையில் போட்டிருக்கும் எண்ணையும் நீங்க எண்ணின எண்ணையும் ஒரு பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மணமேல்குடிப் பக்கம் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுங்க. இரண்டாம் செமஸ்டர் பிராக்டிகலில் படித்ததே அதற்குப் போதும்.